அம்மன் கோயில் கம்ப்யூட்டர்

“மூடியக் கழட்டுறதுக்கு முன்ன கையக் காட்டு” என்றார் வீரமுத்து.

பிரெண்டன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். ஒன்றில் ஸ்க்ரூ டிரைவர், இன்னொன்றில் பென்டிரைவ்.

“அதுல என்ன?”

“லினக்ஸ், தாத்தா, கம்ப்யூட்டர ஓட்டுற சாஃப்ட்வேர். பழைய கம்ப்யூட்டருக்கு இதான் சரி. மெமரி கொஞ்சமா இருந்தாலும் ஓடும். காசும் கிடையாது.”

“சும்மா குடுக்கிறவன நான் நம்புறதில்ல.” வீரமுத்து பிளாஸ்டிக் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ரெம்பாவ் டவுன் பக்கத்து எஸ்டேட் தோட்டம் அது. மாரியம்மன் கோயில் ஸ்டோர் அறையில் இருந்த அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரே வேலைதான். தினமும் காலை ஐந்து மணிக்கு ஹாரன் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு போட வேண்டும். பாடியவர் வீரமுத்து. வேறு யாரும் பாட முன்வராத ஒரு வருஷம் பதிவு செய்தது. தோட்டம் முழுக்கக் கேட்கும்.

கொஞ்ச நாளாக ஓர் அடி பாடினால் அடுத்த அடிக்கு மெஷின் இழுத்துக்கொண்டு நின்றது. தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி முகுந்தன்தான் கோயில் செயலாளர். மெஷின் கிழடாகிவிட்டது, லினக்ஸ் போட்டால்தான் பிழைக்கும், ஆனால் உள்ளே இருக்கிற பழசெல்லாம் அழிந்துவிடும், வேறு வழியில்லை என்று கமிட்டியில் வருத்தமாகச் சொன்னார். ராசா டவுனிலிருந்து, கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் பிரெண்டனை வரவழைத்ததும் அவர்தான்.

அதைக் கேட்டதிலிருந்து வீரமுத்து மெஷினை விட்டு நகரவில்லை.

பாட்டை மறுபடி பதிவு செய்துகொள்ளலாமே என்று பிரெண்டன் கேட்டான். வீரமுத்து வாயைத் திறந்து காட்டினார். உள்ளே பல் எதுவும் இல்லை.

“இப்ப பாடினா காத்துதான் வரும். அது போச்சுன்னா போச்சு. நான் செத்த பெறகு யாருக்குடா தெரியும், இந்தத் தோட்டத்துல வீரமுத்துன்னு ஒருத்தன் பாடினான்னு?”

பிரெண்டன் மூடியைக் கழட்டி டார்ச் அடித்துப் பார்த்தான். எங்கும் தூசி. ஒரு மூலையில் பல்லி முட்டை. ரேம் என்கிற மெமரித் தகடு மாட்டும் இடம் இரண்டு இருந்தது. ஒன்றில் விரல் நீளப் பச்சைத் தகடு. இன்னொன்று காலி.

“ஒரு ரேம் இல்ல, தாத்தா. அதான் இழுக்குது. சுத்தி எல்லாம் தூசி, இந்த எடம் மட்டும் சுத்தமா இருக்கு பாருங்க.”

“திருடிட்டானுங்க. இங்க வர்றவன் ஒருத்தனையும் நம்ப முடியாதுலா” என்ற வீரமுத்து, பிரெண்டனின் சட்டைப் பையை ஒரு தரம் உற்றுப் பார்த்தார்.

அந்த மாடல் ரேம் இப்போது கடையில் கிடைக்காது, இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம் என்றான் பிரெண்டன். முதலில் பாட்டையெல்லாம் இன்னொரு பென்டிரைவில் எடுத்து வைத்தான். வீரமுத்து அதைப் பிடுங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். லினக்ஸ் ஏறி முடிகிற வரையில் யாரிடமும் கொடுக்கவில்லை.

மதியத்துக்கு மேல் பாட்டு தடங்கல் இல்லாமல் ஓடியது. வீரமுத்து முழுசாகக் கேட்டார். தான் குடிக்க வைத்திருந்த மைலோவை பிரெண்டன் பக்கம் தள்ளினார்.

பிரெண்டன் மோட்டர் சைக்கிளில் ஏறும்போது முகுந்தன் வந்தார்.

“முடிஞ்சுதா, தம்பி? பழசெல்லாம் போயிருக்குமே. பாவம், பெரியவரு மனசு ஒடஞ்சிருப்பாரு.”

“ஒன்னும் போகல, அங்கிள். எல்லாப் பாட்டையும் திரும்பப் போட்டுட்டேன். இனிமே யாரும் பட்டன் அமுக்க வேணாம், அஞ்சு மணிக்குத் தானா பாடும். வேற யாரும் நிறுத்தவும் முடியாது. பாஸ்வேர்ட் தாத்தாகிட்டதான் இருக்கு. ரேம் ஒன்னுதான் காணோம்.”

முகுந்தன் கோயில் ஹாரனைப் பார்த்தார். அதற்கு நேர் எதிரே இருந்த தன் வீட்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து, திருநீறு மடிக்கிற தாளில் சுற்றிய பச்சைத் தகடு ஒன்றை எடுத்து பிரெண்டன் கையில் வைத்தார்.

“இதையும் மாட்டிட்டுப் போ. எப்படியும் கேட்டுத்தான் ஆகணும், நிக்காமயாவது ஓடட்டும்.”