காணாமல் போன எட்டு ஸ்பிரிங்

ஷெட்டில் செய்தித்தாளின் மேல், இஞ்சின் வால்வைத் தூக்கும் இரண்டு கேம் ஷாஃப்டுகள் படுத்திருந்தன.

ஒன்று சாது. மார்க்கெட்டுக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வரும்.

இன்னொன்று ராட்சசன். வால்வைத் தூக்கினால் வானத்துக்கே தூக்கும். அதைப் பூட்டிய இஞ்சின் மலைப்பாதையில் பாட ஆரம்பித்தால், மருதமலை முருகன் மயிலை வீட்டுக்கு அனுப்பிவிட்டு முன்சீட்டில் வந்து உட்காருவான் என்று அவர் கோயம்புத்தூர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

மலைப்பாதைக் கார் பந்தயத்துக்குப் பதினான்கு நாள். அறுபத்தாறு வயதில், ஒன்பது வருடம் காத்திருந்து கிடைத்த பந்தயம்.

ராட்சசனை வேலை வாங்க முரட்டு ஸ்பிரிங் வேண்டும். தூக்கிய வால்வை இழுத்து மூடுவது அதுதான். புதுசு எட்டு வந்துவிட்டன. பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எந்தக் கேம் என்று முடிவு செய்துவிடலாம்.

பழைய எட்டும் ட்ரேயில் இல்லை.

"நல்லாப் பாருங்கண்ணா," என்றார் போனில் வெள்ளியங்கிரி. முப்பது வருடமாக இவருக்கு இஞ்சின் இறக்கிக் கொடுக்கிற கூட்டாளி. "கெடச்சாலும் பழச மறுபடி போட்டுறாதீங்க. ஸ்பிரிங் எளச்சா வெளிய தெரியாது. அதே ஒசரம், அதே மினுமினுப்பு. வேகமெடுக்கறப்பத்தான் கைவிடும். வால்வு தொங்கும், பிஸ்டன் வந்து ஒரே இடி. முன்னால ஒரு சத்தம் வராதுங்க."

"எளச்சுதோ கொழுத்துதோ, காணோங்கறேன். எடுத்துட்டுப் போயி உன்ற ஊட்டுக்காரிக்குக் கம்மல் பண்ணிட்டியா?"

"அதப் போட்டா காது ரெண்டும் தோள்ல வந்து ஒக்காந்துக்குமுங்கண்ணா."

போனை வைத்துவிட்டு மறுபடி ட்ரேயைப் பார்த்தார்.

ஸ்பிரிங் மட்டுமா. வால்வை அமுக்குகிற ராக்கர்களையும் காணோம். பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடு நான்கும் போன வாரம் வரை இருந்தன, சத்தியம். இப்போது ராடு வடிவத்தில் நான்கு எண்ணெய்க் கறைகள்.

சிறுசில் தொடங்கிப் பெருசுக்குப் போயிருக்கிறான்.

இத்தனை ஒழுங்கான திருடனை ஏழு உலகத்திலும் தேடினாலும் கிடைக்காது.

ஷெட்டின் பூட்டு அப்படியே இருந்தது. சாவி எப்போதும் போல் சமையலறை ஆணியில்.

போகட்டும். புது ஸ்பிரிங்கை எடை மெஷின் மேல் வைத்து, டிரில்லிங் மெஷினால் மேலிருந்து அமுக்கினால் எத்தனை கிலோவுக்குத் தாங்குகிறது என்று முள்ளே சொல்லிவிடும். வீட்டில் ஒரு மெஷின் இருக்கிறது.

மனைவி சுலோசனா ஏறி நிற்கிற மெஷின்.

அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம். ஞாயிறுதோறும் எடை பார்க்க வேண்டும், ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் அன்றைக்கே கூட்டி வர வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. அவள் ஏறுவாள். அவர் குனிந்து முள்ளைப் படிப்பார். காலண்டரில் எழுதுவார்.

ஐம்பத்திரண்டு. ஐம்பத்திரண்டு. ஐம்பத்திரண்டு.

மேற்குத் தொடர்ச்சி மலை நகர்ந்தாலும் என் பொண்டாட்டி எடை நகராது என்று அதையும் ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

இன்றும் ஞாயிறு. அவள் குளித்துக்கொண்டிருந்தாள்.

மெஷின் அவள் கட்டிலுக்கு அடியில் இருக்கும். எடுத்து வைப்பதும் திருப்பி வைப்பதும் அவள்தான். அவர் அங்கே குனிந்தது இதுதான் முதல் தடவை.

மெஷினுக்குப் பின்னால் ஒரு துணிச் சுருள்.

இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார்.

உள்பாவாடை நாடா. நாடா நெடுக வரிசையாகத் தைத்த பைகள். இடுப்பில் கட்டினால் சேலைக்குள் அடங்கிவிடும்.

முதல் பையில் பழைய பனியன் துணி. துணிக்குள் ஸ்பிரிங்.

அடுத்ததிலும்.

எட்டு. பிறகு ராக்கர்கள். பிறகு, நீளப் பைகளில், ராடுகள். ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் வராதபடி ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துணி.

சுருளை மெஷின் மேல் வைத்தார். முள் நாலில் நின்றது.

அவர் பிறந்ததிலிருந்து எதையும் குறைத்துச் சொன்னவர் அல்ல. தண்ணீர்ப் பாம்பைப் பார்த்தால் மலைப்பாம்பு. தூறல் விழுந்தால் பிரளயம். இப்போது ஐம்பத்திரண்டிலிருந்து நாலைக் கழித்தார்.

மறுபடி கழித்தார்.

நாடாவின் கடைசியில் இன்னும் மூன்று பைகள் இருந்தன. நூல் புதுசு. காலி.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"ஏனுங்க," குரல் மட்டும் வந்தது. "மெசின நான் எடுத்து வெக்கறனுங்க. நீங்க போயி கைக் கிரீஸக் கழுவுங்க. எந்தக் கேமுனு முடிவாச்சுங்களா? பந்தயம் முடியற வரைக்கும் உங்களுக்கு வேற நெனப்பே வேண்டாம், ஆமா."

அவர் மெஷினைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

ஈரத் தலையோடு வந்தாள். மெஷின் கூடத்தின் நடுவில் இருந்தது. அவர் பக்கத்தில் குந்தியிருந்தார். நாடா அவர் மடியில்.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

அவர் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

அவர் குனிந்தார்.

முள் நாற்பத்தெட்டை எட்டவில்லை. பக்கத்தில்கூடப் போகவில்லை.

"எவ்வளவுங்க?"

"அம்பத்திரண்டு," என்றார். கையை விடாமலே எழுந்தார். "செருப்பப் போட்டுக்க, சுலோ."