மரம் முழுசா வரட்டும்

இன்னும் ஓர் அடி பின்னால் போனார்.

கைப்பேசித் திரையில் மரம் அடங்கவில்லை. ஊட்டி மலையில், அந்த மரப்பூங்காவில், அதற்கு மேல் உயர்ந்த ஊசியிலை மரம் இல்லை. கிளைகள் அடுக்கடுக்காக விரிந்து, போகப் போகச் சிறுத்து, உச்சியில் ஒற்றை விரலாய் முடிந்தன. வெயில் பட்ட பக்கம் நீலமாக இருந்தது.

அடியில் அவர் மனைவி நின்றாள்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குள் வைத்திருந்தாள். தலையை மறுபடியும் வாரியிருந்தாள். போன தீபாவளிக்கு எடுத்த அரக்குப் புடவை. படத்தில் எடுப்பாக இருக்குமாம்.

திங்கட்கிழமை அவளுக்கு மருந்து ஏற்றத் தொடங்குகிறார்கள். முடி கொட்டும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

அதற்குள் ஒரு நல்ல போட்டோ எடுத்துவிடலாம் என்றது அவள்தான்.

“மரம் எதுக்குங்க? நெஞ்சு வரைக்கும் வந்தாப் போதும்.”

“மரம் முழுசா வரட்டும்” என்றார்.

அவள் அக்கா செத்தபோது மாலை போட ஒரு படம் இல்லை. கல்யாண வீட்டுக் கூட்டத்திலிருந்து அவசரமாக வெட்டி, பெரிதாக்கி, சட்டம் போட்டார்கள். இன்றும் அந்தப் படத்தில் அக்காவின் தோள்மேல் யாருடைய கையோ இருக்கிறது. வெள்ளிக்கிழமை பொட்டு வைக்கும்போது அந்தக் கையையும் சேர்த்துத்தான் துடைக்கிறார்கள்.

“எனக்கும் இப்படிப் பண்ணிப்போடாதீங்க சாமி” என்று அன்றைக்கு அவள் சிரித்தாள்.

அவர் பின்னால் போனார்.

புல்தரை முடிந்து பாதை வந்தது. பாதையும் முடிந்து முதுகில் வேலி இடித்தது. ஒரு கையால் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

உச்சி வந்துவிட்டது.

அவள் ஓர் அரக்குப் பொட்டாக இருந்தாள்.

அமுக்கினார்.

அவள் நடந்து வந்து கைப்பேசியை வாங்கினாள். கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்து, இரண்டு விரலால் படத்தை விரித்தாள். இன்னும் விரித்தாள். முகம் இருந்த இடத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள்.

“ஏனுங்க, இதுல இருந்து என்னையத் தனியா வெட்டி எடுக்க முடியாதுங்களே.”

“முடியாது.”

குரல் உரத்துவிட்டது. பாதையில் போன யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.

வேலிக் கம்பியை அவர் இன்னும் விடவில்லை.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அப்புறம்தான் மரத்தை அண்ணாந்து பார்த்தாள்.