யூரிமின் நான்காவது நாவல்

பூசானில் அந்தப் புத்தகக் கடை திறக்கும் முன்பே மான்சிக் வாசலில் நின்றார். கடைக்காரப் பெண் தாஹேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பத்து நாளா நடையா நடந்தீங்களே ஐயா, யூரிமோட புது நாவல் வந்தாச்சு! நேத்து பார்சலைப் பிரிச்சதுமே நான் படிச்சு முடிச்சிட்டேன்."

"முன்னாடி எழுதின மூணும் எனக்கு மனப்பாடம்மா."

"அதுல வர்ற குடிகார அப்பனை மறக்க முடியுமா? சோஜு வாங்கிட்டு வரலைன்னு, பெத்த பொண்ணு மேலயே கொதிக்கிற சூப்பைக் கொட்டினானே! மூணு கதையிலயும் அவன் செத்தப்போ எனக்கு நெஞ்சு குளுந்துச்சு."

மான்சிக் தலையாட்டினார். "இதுல எப்படிச் சாகுறான்?"

"இதுல அவனே இல்ல. பொண்ணு அநாதைன்னு முதல் வரியிலேயே எழுதிட்டாங்க."

அவர் முகம் செத்துப்போனது.

"என்ன ஐயா ஆச்சு?"

"யூரிம்கிறது அவளா வச்சுக்கிட்ட பேரும்மா. வீட்டை விட்டுப் போய் இருபது வருஷமாச்சு. கொல்றதுக்காவது இத்தனை நாள் இந்த அப்பனை நினைச்சுக்கிட்டிருந்தா."

அவர் கை நீட்டினார். தாஹே புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.