பதில் ஊளை

எதிர்க் குன்றிலிருந்து திடீரென்று ஊளை கிளம்பியது. கென்ட் பதறிப்போய்த் துப்பாக்கியைத் தோளில் ஏற்றினார்.

“வந்துட்டான்யா! ரமிரோ, கேட்டுச்சா?”

“கேட்டுச்சு சார். நீங்க போடற சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கும்.”

“கோவிச்சுக்காதப்பா. இன்னைக்கும் வெறுங்கையோட போனா, என் வீட்டுக்காரி என் தோலை உரிச்சு மாட்டிருவா.”

கென்ட் ஓஹையோவில் தரைவிரிப்பு வியாபாரி. கொயோட்டி நரி வேட்டை, அறுபதாவது பிறந்தநாளுக்கு அவர் மனைவி கொடுத்த பரிசு. நான் அவருக்கு வழிகாட்டி.

நேற்று முழுக்க அலைந்தும் ஒன்றும் சிக்கவில்லை. இன்று விடிந்ததிலிருந்து, அடிபட்ட முயல் கத்துவது போல ஊதலை ஊதிப் பார்த்தேன். எதுவும் எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் ஊதலைப் பையில் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, தொண்டையாலேயே ஊளையிட்டேன்.

அதற்குத்தான் இந்தப் பதில்.

கென்ட்டுக்கு அது நரி. எனக்கு அது என் அண்ணன் லாலோ.

ஊளை முடிகிற இடத்தில் ஒரு சின்ன விக்கல். அரிசோனாவின் இந்தத் தென்மூலையில் எந்த நரிக்கும் அந்த விக்கல் கிடையாது. சிறு வயதில் எங்கள் பண்ணையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நாங்கள் இப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம்.

அவனும் என் தொழில்தான். நாலு வருஷமாகப் பேச்சில்லை.

என்னோடு வந்த ஒருவர் அனுமதிச் சீட்டுக்கு மேல் இன்னொரு மானைச் சுட்டார். நான் மறைத்தேன். அதிகாரியிடம் போய்ச் சொன்னவன் லாலோ. இரண்டு வருஷம் என் உரிமம் பறிபோனது. பூமா என்கிற மலைச்சிங்கத்தை வேட்டையாட வளர்த்த ஆறு நாய்களையும், தீனி போட வழியில்லாமல், யார் யாருக்கோ பிடித்துக் கொடுத்தேன்.

அவன் சொன்னது உண்மைதான். அதனாலேயே என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வட்டாரத்திலேயே தன்னைப் போல நரியைக் கூப்பிட ஆளில்லை என்று பீற்றிக்கொள்பவன், என் ஊளையை நிஜ நரி என்று நம்பிவிட்டான். முள்ளுக்குள் ஊர்ந்து வந்து என் முன்னால் அசடு வழியப்போகிறான். தீவனக் கடையில் ஒரு வருஷத்துக்கு இதைச் சொல்லிச் சிரிக்கலாம்.

“இன்னொரு தடவை கூப்பிடுப்பா,” என்றார் கென்ட், கிசுகிசுப்பாக.

கூப்பிட்டேன்.

பதில் உடனே வந்தது. இம்முறை கீழே, காய்ந்த மணல் ஓடையிலிருந்து.

கொஞ்ச நேரத்தில் நூறு கஜம் தள்ளி முட்புதர் அசைந்தது. இலைகளுக்கு நடுவே பழுப்பாக ஏதோ குனிந்து நகர்ந்தது. கென்ட்டின் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் அழுந்தியது. விரல் விசைக்குப் போனது.

சார், அது மனுஷன். இவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

நான் சொல்லவில்லை.

ஒரு மூச்சு விட்டேன். இன்னொரு மூச்சும் விட்டேன்.

முதல் மூச்சுவரை அது விளையாட்டு. இரண்டாவதில் அது விளையாட்டு இல்லை. அப்போது என் மனதில் என்ன ஓடியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைப் பாவமன்னிப்பு கேட்கிற இடத்தில்கூட இன்றுவரை நான் சொன்னதில்லை.

மூன்றாவது மூச்சில்தான், “சுடாதீங்க!” என்று அலறினேன்.

அலறலும் வெடியும் ஒன்றாகக் கிளம்பின.

புதர் சிதறியது. பிறகு சத்தமே இல்லை. கென்ட் என்னைப் பார்த்தார். நான் புதரைப் பார்த்தேன்.

மெதுவாக இரண்டு கைகள் முள்ளுக்கு மேலே எழுந்தன.

ஓடினேன். லாலோ மணலில் மண்டியிட்டிருந்தான். அவன் காதோரம் இருந்த கிளை இரண்டாகப் பிளந்து தொங்கியது. கன்னத்தில் மரச்சிராய் கிழித்து ரத்தம் கழுத்துவரை இறங்கியிருந்தது. மற்றபடி முழுதாக இருந்தான்.

கென்ட் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். துப்பாக்கியை வழியிலேயே எறிந்துவிட்டிருந்தார்.

“கடவுளே… நரின்னுதான் நெனச்சேன்… சத்தியமா நரின்னுதான்…” அவர் லாலோவின் தோளைப் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளை போல அழுதார். “இவன் மட்டும் கத்தலைன்னா நீ இப்ப பொணம்யா! உன் உசிரைக் காப்பாத்தினது இவன்தான்!”

லாலோ நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்த நன்றியை என்னால் தாங்க முடியவில்லை. கண்களைத் தாழ்த்தினேன்.

அப்போதுதான் கவனித்தேன். அவன் கைகள் காலி. தோளிலும் ஒன்றுமில்லை. சுற்றிலும் மணலில் தேடினேன்.

“உன் துப்பாக்கி எங்க?” என்றேன். நாலு வருஷத்தில் அவனோடு நான் பேசிய முதல் வார்த்தை.

“துப்பாக்கி எதுக்குடா?” லாலோ கன்னத்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். “நீ முதல்ல ஊளை விட்டப்பவே உன் குரல்னு தெரிஞ்சுபோச்சு. என்கூட வேட்டைக்கு வந்தவங்களை அங்கேயே உக்கார வெச்சிட்டு ஒரு பதில் குடுத்தேன். நீ திரும்பக் கூப்பிட்டியா… கோவம் போயிடுச்சுன்னு நெனச்சு ஓடியாந்தேன்டா.”