கிழிந்த கோட்டு

இதை முதலில் சொன்னவர் விமான நிலையச் சுங்கக் கூடத்தில் வரி வாங்கும் காசாளர் அம்மாள். தம் பக்கத்துத் தவற்றை மறைக்காமல் சொன்னார் என்பதற்காகவே இதை நம்பலாம்.

அன்று பிற்பகல் விமானத்தில் ஒரு தையல்காரர் வந்திறங்கினார். ஆறு ஆண்டுகள் வெளிநாட்டு ஆடைத் தொழிற்சாலையில் உழைத்தவர். கையில் ஒரு பை. தள்ளுவண்டியில், பிரிக்காத பெட்டிக்குள் ஒரு தையல் இயந்திரம்.

முதல் மேசையில் இருந்த இளம் அதிகாரி கடவுச்சீட்டைப் பார்த்தார். தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று இருந்தது. பெட்டியைப் பார்த்தார், புத்தம் புதிது. யாருக்கு என்று கேட்டார்.

“வீட்டுக்குத்தான் சார்.”

அவ்வளவுதான். புதுப் பொருள், வரம்பை மீறிய விலை என்று வரிச் சீட்டு எழுதியாகிவிட்டது.

காசாளர் அம்மாளின் சன்னலில் தையல்காரர் பணத்தைக் கட்டினார். ரசீதை வாங்கிக்கொண்டு, அங்கேயே ஓரமாக நின்று மனைவியைத் தொலைபேசியில் அழைத்தார். கடை வைக்க ஓர் அறை பார்த்திருக்கிறார்கள் போலும். இன்று மாலைக்குள் முன்பணம் தராவிட்டால் இடத்துக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம்.

“மெஷின் வந்துடுச்சு. அறைக்கு வச்சிருந்த பணம்தான் இங்க போயிடுச்சு” என்று அவர் தணிந்த குரலில் சொன்னது அம்மாளின் காதில் விழுந்தது. அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, “அழாத, பார்த்துக்கலாம்” என்று முடித்துக்கொண்டார்.

அம்மாளுக்கு மனம் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன? அடுத்த சீட்டுக்குக் கை நீட்டினார்.

தையல்காரர் வாசலை நோக்கி நாலடி வைத்திருப்பார். “நில்லுங்க” என்றது ஒரு குரல்.

சல்லடை! கூடத்தின் மேற்பார்வையாளருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் அது. அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு குண்டூசியும் வெளியே போனதில்லை. பெட்டியைச் சுற்றித் தைத்திருந்த துணியின்மேல் அவர் விரலை ஓட்டிப் பார்த்தார்.

“இதை யார் தைச்சது?”

“நான்தான் சார். கையால.”

“பிரிங்க.”

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. பணம் கட்டி முடித்தவரை மறுபடியும் எதற்குப் பிடுங்குகிறார் என்றார் ஒருவர். மடிப்புக்குள் தங்கம் தேடுகிறார் என்று இன்னொருவர் விளக்கம் தந்தார். இயந்திரம் மேசைமேல் ஏறியது.

தங்கம் இல்லை, சல்லடை அதைத் தேடவும் இல்லை. தம் சீருடைக் கோட்டைக் கழற்றினார். அக்குளில் ஒரு சாண் நீளக் கிழிசல். மூன்று மாதமாகக் கூடமே அறிந்த கிழிசல்.

“தைங்க.”

அம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஓசியில தைச்சுக்கிற இடமா சார் இது?” என்று சன்னலுக்குள் இருந்தபடியே கேட்டுவிட்டார். பதினெட்டு ஆண்டுப் பணியில் சல்லடையை எதிர்த்து அவர் பேசிய முதல் பேச்சு.

“உங்க வேலையைப் பாருங்கம்மா” என்றார் அவர், திரும்பாமலே.

பார்த்தார். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து மேலிடத்துக்குப் புகார் எழுதத் தொடங்கினார். ‘பயணியிடம் சொந்த வேலை வாங்கினார்’ என்ற வரியின் கீழ்க் கோடும் இழுத்தார்.

தையல்காரரோ வேலையில் இறங்கினார். கைப்பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்துக் கோட்டின்மேல் வைத்துப் பார்த்தார். நிறம் பிடிக்காமல் வேறொன்றை எடுத்தார். பிளக்கைச் சுவரில் செருகி, நூலைக் கோத்து, கோட்டை உட்புறமாகத் திருப்பினார். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் கூடம், கூட்டம், போன பணம் எல்லாம் அவருக்கு மறந்து போயின. குனிந்தே இருந்த முகத்தில் தெளிவு வந்தது.

“சார், காலர்லயும் ஒரு இடத்துல தையல் விட்டிருக்கு. போட்டுடட்டுமா?”

“போடுங்க.”

சல்லடை கோட்டை மாட்டிக்கொண்டு, கையை ஒருமுறை தூக்கி இறக்கிப் பார்த்தார். கூலி எவ்வளவு என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று தையல்காரர் பதறினார்.

“நீங்க வாங்கலேன்னா என் வேலை போயிடும். அந்தம்மா அங்க புகார் எழுதிக்கிட்டிருக்காங்க.”

கூலியை அவர் கையில் திணித்துவிட்டு, மேசையிலேயே குனிந்து ஏதோ எழுதினார். தாளைக் கொண்டுவந்து சன்னலில் நீட்டினார்.

அம்மாள் வாசித்தார். ‘பயணி தையல் தொழிலாளி. அவர் தொழில் செய்வதை நேரில் கண்டேன். இயந்திரம் அவருடைய தொழிற்கருவி. நாடு திரும்பும் தொழிலாளி தம் கருவி ஒன்றைக் கொண்டுவர வரி இல்லை. சான்றிதழ் இல்லாதவர் திறமையை அதிகாரியே பார்த்து உறுதி செய்யலாம்.’ அடியில் விதியின் எண்ணும் கையெழுத்தும் இருந்தன.

“இதை முதல்லயே அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே சார்?” என்று கேட்டார் அம்மாள்.

“சொல்லிட்டுத் தைக்கச் சொன்னா, கை நடுங்கும்மா.”

அம்மாள் தையல்காரரைச் சன்னலுக்கு அழைத்தார். பணப்பெட்டியைத் திறந்து, அவர் கட்டியதைச் சல்லிக்காசு குறையாமல் அவர் உள்ளங்கையில் வைத்தார்: நாலாயிரத்து முந்நூற்று எண்பது ரூபாய்.