வெள்ளைத் துண்டு

கோட்டை வாசலில் நம்கே தன் பையைக் கல்தரையில் கவிழ்த்துக் கொட்டித் தேடுகிறான். தண்ணீர்ப் பாட்டில், மழைக்கோட்டு, காய்ந்த பாலாடைக்கட்டி எல்லாம் இருக்கின்றன. இடத்தோளில் போடுகிற வெள்ளைத் துண்டை மட்டும் காணோம். அது இல்லாமல் இந்த ஊர் ஆண்பிள்ளை எவனும் இந்தப் படியைத் தாண்டக் கூடாது என்பது கோட்டை வழக்கம். அவன் கூட்டிவந்த எட்டு வெளிநாட்டுக்காரர்களும் உள்ளே போய்விட்டார்கள். வழிகாட்டியாக அவனுக்கு இதுதான் முதல் நாள். "துண்ட மறந்துட்ட, இடுப்புல எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்கப்பா," என்கிறார் காவலர் ரிஞ்சென். மதில்மேல் புறாக்கள் படபடக்கின்றன. ஆற்றுக் குளிர்காற்றிலும் நம்கேயின் நெற்றி வியர்க்கிறது. "ஒரே ஒரு நிமிசம் விடுங்கண்ணே!" "விட்டா என் வேலை போயிரும்." அப்போது முற்றத்து வெயிலில் அந்த எட்டுப் பேரில் ஒரு வயதான அம்மாள் அவனைத் தேடித் திரும்பி வருகிறாள். காலையில் பேருந்தில் நடுங்கிக்கொண்டே தூங்கிப்போனவள், அவன்தான் போர்த்திவிட்டான். அவள் கழுத்தில் மூன்று சுற்றாக அவனுடைய துண்டு. ரிஞ்சென் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "துண்டு எப்பவோ உள்ள போயிருச்சு, ஆளுதான் வெளிய நிக்கிறான்!" அவள் பதறி அவிழ்த்துத் தருகிறாள். நம்கே சுருக்கத்தை நீவித் தோளில் போட்டதும், ரிஞ்சென் சிரிப்பை விழுங்கி விறைப்பாக ஒதுங்கி நிற்கிறார். "வாங்க, வழிகாட்டி ஐயா." படியைத் தாண்டும்போதுதான் அவனுக்குத் தெரிகிறது, துண்டு இன்னும் வெதுவெதுவென்று இருக்கிறது.