கொத்தனாரின் பஞ்சு

இன்றைக்கும் ஒரு கும்பல் செத்து மிதந்தது.

அவள் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். நல்லவேளை, லேபில் இன்னும் யாரும் வரவில்லை. குடுவையைச் சாய்த்து, மிதந்ததையெல்லாம் கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு, புதுத் தீனியை ஊற்றினாள். தொட்டியில் கை வழுவழுவென்று வழுக்கியது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

விலங்கைக் கொல்லாமல் இறைச்சி வளர்க்கிற லேப் அது. செல்களுக்குத் தீனி மாற்றுவது அவள் வேலை. பல வருஷம் தசைப் பிரிவில் இருந்தவள். அங்கே ஒட்டியிருந்தால் உயிர், மிதந்தால் பிணம். போன மாதம்தான் இந்தப் பக்கம் மாற்றியிருந்தார்கள்.

இங்கே வளர்வது கொழுப்பு செல்கள். அவை பற்றிக்கொண்டு வளர, இறைச்சியோடு சேர்த்தே தின்னக்கூடிய பஞ்சு ஒன்றைப் பட்டாணி மாவில் செய்தவர் அவள் கணவர். கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிற மாதிரி வேலை என்பதால், லேபில் அவருக்கு 'கொத்தனார்' என்றே பெயர்.

"இந்தத் தடவையும் செல் செத்துச்சுன்னா பஞ்சும் வேண்டாம், கொத்தனாரும் வேண்டாம்" என்று டைரக்டர் அம்மா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் அந்தப் பிணங்களை அவர் கண்ணில் காட்ட அவளுக்கென்ன பைத்தியமா?

கணவர் கீழ்த்தளத்தில் மாவோடு கிடப்பவர். வீட்டுக்கு வந்ததும் "எப்படிம்மா இருக்கு நம்ம பஞ்சு?" என்று ஆசையாகக் கேட்பார். "அதுக்கென்ன, நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள்.

மத்தியானம் டைரக்டர் கொத்தனாரையும் மேலே வரவழைத்து, பஞ்சை அறுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகமே சரியில்லை.

"வீட்டை நல்லாத்தான் கட்டியிருக்கீங்க கொத்தனாரே. குடிவரத்தான் ஆளைக் காணோம். மன்னிச்சுக்கோங்க, இதோட நிறுத்திக்கலாம்."

கைவேலை முடிந்ததும் அவள் கீழே ஓடினாள். கணவர் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த ஒரு பஞ்சைப் பிட்டு வாயில் போட்டு மென்றார்.

"திங்கறதுக்காவது ஆகுதே" என்று சிரித்தார். கண் கலங்கியிருந்தது. "வளர்ந்து செத்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்மா. ஒண்ணுகூட ஒட்டலையாம். இத்தனை வருஷமா வெறும் மாவைத்தான் பிசைஞ்சிருக்கேன்."

அவளுக்குத் தாங்கவில்லை. அடக்கி வைத்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"யாரு சொன்னா ஒட்டலைன்னு? ஜோராத்தான் ஒட்டுச்சு. ஒட்டி, உப்பி, குண்டுகுண்டா பளபளன்னு ஆச்சுங்க. அப்புறம்தான் பாழாப்போனது செத்து மேல வந்து மிதந்துச்சு. உங்க வேலைக்கு ஆபத்து வரக்கூடாதேன்னு, தினம் காலைல யாருக்கும் தெரியாம நான்தான் எல்லாத்தையும் கொட்டினேன்!"

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. அவளையே பார்த்தார்.

"ஏம்மா... கொழுப்பு மிதக்காம, பின்ன முங்கவா செய்யும்?"